மறக்கப்பட்ட இடது கை ஆட்டக்காரர்

ஆசிரியருக்கு,

தமிழகக் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் டபிள்யூ.வி.ராமனின் பெயர் விடுபட்டுப்போவது எனக்கு நெடுநாள் வருத்தம். 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நடந்த டெஸ்ட் என்றால், எல்லோருக்கும் சுழற்பந்து வீச்சாளர் ஹிர்வானியின் 16 விக்கெட்டுகள்தான் நினைவுக்கு வரும். அறிமுகமான அதே ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் ராமன் எடுத்த 83 ரன்களை யார் சொல்கிறார்கள்? மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையின் 1988-89 பருவத்தில் ஆயிரம் ரன்களைக் கடந்தார். அதில் கோவாவுக்கு எதிராக 313. 1992-ல் செஞ்சூரியனில் 114 ரன்கள் எடுத்து, தென்னாப்பிரிக்க மண்ணில் ஒருநாள் சதம் அடித்த முதல் இந்தியர் ஆனார். இருந்தும் அவருக்குக் கிடைத்தவை வெறும் 11 டெஸ்ட்கள். கிறைஸ்ட்சர்ச்சில் 96 ரன்களில் ஆட்டமிழந்ததால் டெஸ்ட் சதமும் கைக்கு எட்டவில்லை.

பயிற்சியாளராகவும் அவர் தமிழ்நாடு, வங்காளம் எனப் பல அணிகளைக் கண்டவர். 2020 மார்ச் 8 அன்று மெல்போர்னில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் இந்தியப் பெண்கள் அணி டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆடியபோது, பயிற்சியாளர் அவர்தான். கோப்பை கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இந்தியப் பெண்கள் டி20 உலகக் கோப்பையின் இறுதிக்கு வந்ததே அதுதான் முதல் முறை. அடுத்த ஆண்டே அவர் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டது இன்றும் எனக்கு ஏற்கமுடியாததாகவே இருக்கிறது.

- ஒரு வாசகர்