கிளை நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்: இணையத்தில் இருக்கும் இலவசப் பாடங்களையும் எடுத்துக் கொடுங்கள்

தமிழ்நாட்டுக் கிளை நூலகர்களுக்கும் ஊர்ப்புற நூலகர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு சிறு நகரத்துக் கிளை நூலகத்தின் உறுப்பினர். மாலை நேரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் பாடங்களையும் உங்கள் நூலகத்தின் சேகரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்தைத் தரம் பார்த்து, பொருள்வாரியாகப் பிரித்து, உரியவர் கையில் எப்படிக் கொடுக்கிறீர்களோ, அப்படியே இவற்றையும் கொடுங்கள்.

பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. 2001-இல் அமெரிக்காவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி. தன் வகுப்புக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் திறந்துவிடப் போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே பாடங்கள் வரத் தொடங்கின. இங்கே 2003-இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, கல்லூரிப் பாடங்களைக் காணொலியாகத் தரும் என்.பி.டி.இ.எல். திட்டத்தில் இறங்கின. 2017-இல் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வந்தது. 2019-இல் நம் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பள்ளிப் பாடநூல்கள் பி.டி.எஃப். வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இலக்கியத்துக்கு 1998 முதல் மதுரைத் திட்டம் இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகம் இருக்கிறது. ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கு பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் வினா வங்கிகள் இருக்கின்றன. இவ்வளவும் பொதுப் பணத்திலோ நல்ல மனம் படைத்தவர்களின் உழைப்பிலோ உருவானவை.

ஆனால் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வேதியியலில் மோல் கருத்து புரியாமல் கைப்பேசியில் தேடும்போது இவற்றில் எது அவள் கண்ணில் படுகிறது? பத்து நிமிடம் பேசிவிட்டு மீதிக்குக் கட்டணம் கேட்கும் காணொலி முதலில் வருகிறது. அடுத்தது நீட் பயிற்சி மையத்தின் விளம்பரம். அதற்கும் கீழே வேறு பாடத்திட்டத்துக்காக இந்தியில் எடுத்த வகுப்பு. நல்ல பாடம் எங்கேயோ அடியில் கிடக்கிறது. ஒரு மணி நேரம் இப்படிப் போனால் அந்தப் பிள்ளை தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறாள். நான் மிகவும் வருத்தப்படுவது இதற்காகத்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இலவசம் என்று நம்பி ஒரு கற்றல் செயலியில் பையனின் எண்ணைக் கொடுத்தார்கள். அன்று முதல் அவனுடைய அம்மாவுக்கு அழைப்பு மேல் அழைப்பு. “உங்கள் மகன் கணக்கில் பின்தங்கியிருக்கிறான், இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி” என்று சொல்லிச் சொல்லியே கடைசியில் மாதத் தவணையில் மாட்டிவிட்டார்கள். அவர் தையல் வேலை செய்து பிழைப்பவர். பையனுக்குத் தேவைப்பட்டதோ எட்டாம் வகுப்பு இயற்கணிதம். அது ஒரு பைசா செலவில்லாமல் கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்திலும் கல்வித் தொலைக்காட்சியிலும் இருக்கிறது. இதைச் சொல்ல அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை.

அந்த ஆளாக நீங்கள் இருக்க முடியும். விற்க எதுவும் இல்லாத இடம் ஊரில் நூலகம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தன் பாடத்தைத் தாண்ட நேரமில்லாமல் ஓடுகிறார். உங்களிடம் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் வருகிறது, குரூப் 4 படிக்கும் பட்டதாரியும் வருகிறார், காலையில் தினத்தந்தி பார்க்க வரும் பெரியவரும் வருகிறார். யாருக்கு எது வேண்டும் என்று கேட்டு எடுத்துக் கொடுப்பது உங்களுக்குப் பழகிய வேலை.

உங்கள் துறையின் முன்னோடி சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதம் கற்பித்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாம் விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காம் விதி. மோல் கருத்தைத் தேடி அந்தப் பிள்ளை தொலைத்த ஒரு மணி நேரம் நான்காம் விதிக்குள்தான் வருகிறது. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வாசகர் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் பட்டியல் போட வேண்டாம். அப்படிப்பட்ட பட்டியல்கள் நிறைய இருக்கின்றன, யாருக்கும் பயன்படுவதில்லை. உங்கள் நூலகத்துக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் நான்கைந்து பாடங்களை மட்டும் எடுங்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று இடங்கள் போதும். நீங்களே திறந்து பாருங்கள்: மொழி என்ன, நம் பாடத்திட்டத்துக்குப் பொருந்துகிறதா, எண் கேட்கிறதா, பணம் கேட்கிறதா, பழைய கைப்பேசியில் ஓடுகிறதா. தேறியதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், கியூ.ஆர். குறியீட்டோடு ஒட்டினால் இன்னும் நல்லது.

நான் பிள்ளைகளிடம் பயன்படுத்திப் பார்த்ததில் இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது ஃபெட். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம். அறிவியல் சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கும் மாதிரிகள் அதில் இருக்கின்றன. பல மாதிரிகளைத் தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். மின்சுற்று மாதிரியைத் திறந்தால் மின்கலம், கம்பி, பல்பு, சாவி எல்லாம் ஓரமாக இருக்கும். விரலால் இழுத்து இணைக்க வேண்டும். சுற்று மூடியதும் எலக்ட்ரான்கள் சின்னச் சின்ன உருண்டைகளாக ஓடத் தொடங்கும், பல்பு எரியும். இன்னொரு பல்பைத் தொடராக இணைத்தால் இரண்டும் மங்கும். பக்க இணைப்பில் போட்டால் மங்காது. கம்பியை நேராக மின்கலத்தின் இரு முனைக்கும் கொடுத்தால் தீப்பற்றுவது போலக் காட்டும். ஏழாம் வகுப்புப் பையன்கள் அதை வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்தார்கள். அப்புறம் அவர்களே, வீட்டில் ஃபியூஸ் எதற்கு என்று கேட்டார்கள். ஆய்வகம் இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

இரண்டாவது, ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய திட்டம். லிப்ரே ஆபீஸ், பைத்தான், லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைப் பத்து நிமிட அளவிலான சிறு பாடங்களாகச் சொல்லித்தருகிறார்கள். தமிழ்க் குரலிலும் கேட்கலாம். ஒரு சாளரத்தில் பாடம் ஓட, பக்கத்துச் சாளரத்தில் நாமும் செய்துகொண்டே போக வேண்டும். ஆசிரியர் இல்லாமல் படிப்பவர்களை மனத்தில் வைத்தே அமைத்திருக்கிறார்கள். டைப்பிங் முடித்துவிட்டு வேலை தேடும் பெண்கள் உங்கள் நூலகத்துக்கு வருகிறார்கள் அல்லவா, அவர்களுக்கு இதைக் காட்டுங்கள். கணினி மையத்துக்குக் கட்டணம் கட்டித்தான் எக்செல் போன்ற அட்டவணைக் கணக்கு படிக்க முடியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் நூலகத்தில் இணையமே இல்லையே என்று ஊர்ப்புற நூலகர்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. பழைய கணினி ஒன்று இருந்தால்கூடப் போதும். இணையத் தளங்களை இணையம் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் வழியாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக ஒரு பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். மாவட்ட மைய நூலகத்தில் ஒருமுறை இறக்கி, கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு பிரதி எடுத்துப் போனால் மாவட்டம் முழுக்கப் போய்ச் சேரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். காசில்லாமல் பார்க்கலாம் என்பதாலேயே எதையும் படியெடுக்கலாம் என்று ஆகிவிடாது. உங்கள் பார்வை நூல் பிரிவுக்கும் இரவல் பிரிவுக்கும் உள்ள வேறுபாடு போலத்தான் இதுவும். மற்றவர்கள் பகிரலாம் என்று படைத்தவரே முன்கூட்டி அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருந்தால் அந்த உரிமத்தின் நிபந்தனைப்படி தாராளமாகப் படியெடுத்துப் பகிரலாம். அப்படி எதுவும் குறிப்பிடாத காணொலியென்றால் அங்கேயே போய்ப் பார்க்கச் சொல்வதுதான் முறை. மாணவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். வேறு யாரும் சொல்லித்தரப் போவதில்லை.

கல்லூரி மாணவர்களுக்கு என்.பி.டி.இ.எல். பற்றிக் காதில் விழுந்திருக்கும், விவரம் தெரிந்திருக்காது. பாடத்தில் சேரவும் படிக்கவும் பணம் கட்ட வேண்டாம். சான்றிதழ் வேண்டும் என்பவர்கள்தான் தேர்வுக் கட்டணம் கட்டி நேரில் போய் எழுத வேண்டும். பல பாடங்களுக்குத் தமிழிலும் எழுத்துவடிவம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்து, பட்டத்துக்குக் கணக்கில் வரும் மதிப்பெண் தகுதி (கிரெடிட்) பெற இடமுண்டு; அவரவர் கல்லூரி ஏற்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தனியாகச் சேர்பவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நான்கு பேர் உங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாரம் ஒருமுறை சேர்ந்து படித்தால் முடிப்பார்கள். வாசகர் வட்டம் நடத்தும் நூலகங்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு முதல் பத்து வரையுள்ள பள்ளிப் புத்தகங்களை அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு, நூற்றுக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். அந்தக் கோப்புகள் இலவசம் என்பது வாங்குபவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நூலகக் கணினியில் வகுப்புவாரியாக அடுக்கி வைத்தாலே பெரிய உதவி.

தமிழில் இல்லாதவையும் நிறைய. 1954 முதல் 1968 வரை பெரியசாமி தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்த மொழி இது. ஆனாலும் பட்டப்படிப்பு அளவில் பொருளியலையோ புள்ளியியலையோ தமிழிலேயே இணையத்தில் படிக்க நினைப்பவருக்குக் கிடைப்பது சொற்பம். எதைக் கேட்டு வந்தார்கள், எது கிடைக்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாடம் தயாரிப்பவர்களுக்கு அந்த நோட்டு பொக்கிஷம்.

பொது நூலகத் துறையின் மேலிடத்துக்கும் இந்த மடல் போகும் என்று நம்புகிறேன். நூலகர் ஒரு மாணவிக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து பாடம் தேடிக் கொடுத்தால் அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வருகை, இரவல், பார்த்த நூல்கள் என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் “இணையப் பாட உதவி” என்று ஒரு பத்தியைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு நூலகத்துக்கும் இரண்டு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். பத்திரிகை படிப்பவருக்குத் தொந்தரவில்லாமல் பிள்ளைகள் பாடம் கேட்பார்கள். ஊர்ப்புற நூலகர்களின் சம்பளம் எவ்வளவு குறைவு என்பது ஊரறிந்த சங்கதி. புது வேலை கேட்கும்போது அதையும் சரிசெய்வதுதான் நியாயம். வீட்டு வரியோடு நூலக வரி கட்டுபவர்கள் நாங்கள், இதற்குச் செலவழித்தால் யாரும் குறை சொல்ல மாட்டோம்.

எங்கள் கிளை நூலகருக்கு இந்த மடலின் ஒரு பிரதியை நேரில் கொடுக்கிறேன். எட்டாம் வகுப்புக் கணக்குக்கும் பதினோராம் வகுப்பு வேதியியலுக்கும் நான் சலித்து வைத்த பட்டியலையும் அதோடு தருகிறேன். உங்கள் ஊரிலும் ஓர் ஆசிரியரோ கல்லூரி மாணவரோ இதற்குக் கைகொடுக்க வருவார், கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு கிளை நூலக உறுப்பினர்