புழுத் தேநீர் பற்றி நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் அல்ல. நீ கேட்டிருந்தது உன் செடிகளின் உயிரோடு தொடர்புடைய கேள்வி என்பதால், என் பழைய குறிப்பேட்டை ஒருமுறை முழுதாகப் புரட்டிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். மாவுப்பூச்சி ஏறிய டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டுக்கு ரசாயன மருந்து அடிக்க மனம் வரவில்லை என்றும், மண்புழுப் பெட்டியின் அடியில் சேரும் பழுப்பு நீரைத் தெளித்தால் உரமும் ஆயிற்று, பூச்சி மருந்தும் ஆயிற்று என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அவர் சொன்னதில் பாதி சரி. மற்ற பாதியை நம்பித்தான் நான் நான்கு செடிகளை இழந்தேன்.

அந்த இழப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். புழுப் பெட்டி வைத்த முதல் ஆண்டில், அதன் அடித்தட்டில் தேங்கியிருந்த கரிய நீரைப் பிடித்து, எவ்வளவு கறுப்போ அவ்வளவு சத்து என்ற எண்ணத்தில், துளித் தண்ணீர்கூடக் கலக்காமல் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் செடிகளுக்கு ஊற்றினேன். அதில் லேசாகச் சாக்கடை வாடை அடித்தது. இயற்கையான பொருளுக்கு வாடை இருக்கத்தானே செய்யும் என்று மூக்கைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பத்து நாளில் வேர் நுனிகள் கருகின. மூன்று வாரத்தில் இரண்டு செடிகளின் குருத்து அழுகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மீதி இரண்டையும் அழுகிய வேர்களை வெட்டிப் புதிய மரப்பட்டையில் மாற்றி வைத்துப் பார்த்தேன். அவையும் தேறவில்லை. நம் விடுதி அறையின் சன்னலோரத்தில் ஒரு தகரக் குவளையில் நாம் வளர்த்த செடியைத் தண்ணீர் ஊற்றியே கொன்றோமே, நினைவிருக்கிறதா? அன்றும் இன்றும் என் தவறு ஒன்றுதான்: கொடுப்பதில் எனக்கு அளவு தெரிவதில்லை.

பிறகுதான் ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு நீர்கள் புழங்குகின்றன என்பது புரிந்தது. பெட்டியின் அடியில் தானாகச் சொட்டிச் சேர்வது வடிநீர். அது பாதி மட்கிய காய்கறித் தோல்களின் ஊடாக இறங்கி வருவதால், அதில் உப்பு மிகுந்திருக்கலாம், காற்றில்லாமல் புளித்த அமிலங்கள் இருக்கலாம், நோய்க்கிருமிகளும் இருக்கலாம். பெட்டியில் ஈரம் மிஞ்சிவிட்டது என்பதற்கான அறிகுறியே அது. இரண்டாவது, நன்றாக மட்கிய, புழுக்கள் நிறைந்த படுக்கையின் மேல் சுத்தமான நீரை மெல்லச் சொட்டவிட்டுக் கீழே பிடிக்கும் குளியல் நீர். மூன்றாவதுதான் புழுத் தேநீர் என்று சொல்லத் தக்கது. புழுவின் எச்சமாகிய முதிர்ந்த உரத்தைத் தனியே பிரித்தெடுத்து, துணியில் மூட்டையாகக் கட்டி, நீரில் ஊறவைத்து, காற்று செலுத்தி எடுப்பது அது. நான் ஊற்றியது முதல் வகை. நீ பிடித்து வைத்திருப்பதும் உன் வருணனையைப் பார்த்தால் அதுவேதான் போலிருக்கிறது. அதை ஆர்க்கிட்டுக்கு அருகில் கொண்டு போகாதே. பத்து மடங்குக்குக் குறையாமல் நீர் கலந்து, மண்ணில் வேரூன்றிய பூச்செடிகளின் அடியில் விட்டுவிடு.

மண்ணில் வளரும் செடிக்குத் தாங்குகிற ஒன்று ஆர்க்கிட்டுக்கு ஏன் தாங்குவதில்லை என்று நீ கேட்கலாம். நாம் தொட்டியில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. அவற்றின் வேரைச் சுற்றி, முதிர்ந்தபின் இறந்துபோன உயிரணுக்களால் ஆன பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது, வெலமென் என்பார்கள். வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகவும், நனைந்தவுடன் பச்சையாகவும் தெரிவது அதனால்தான். மழை தொடங்கும்போது முதலில் வழியும் நீர், கிளையில் படிந்த தூசியையும் பறவை எச்சத்தையும் மட்கிய இலையின் சாற்றையும் கரைத்துக்கொண்டு வருகிறது. பின்னால் வருவது ஏறக்குறைய வெறும் நீர். அந்த முதல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளவே இந்த உறை அமைந்திருக்கிறது என்று தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் 1940இல் ஊகித்தார். கெர்ஹார்ட் ஸோட்ஸும் ஊவே விங்க்லரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, வெலமென் நீரைச் சில நொடிகளிலேயே உறிஞ்சிக்கொள்வதையும், மின்னேற்றம் கொண்ட சத்துகளைத் தன்னிடம் நிறுத்திவைப்பதையும் காட்டியது. இதைப் படித்த நாளில் என் மனத்தில் ஒரு கணக்கு நேரானது. மரத்தில் வழியும் அந்த முதல் நீர் மிக மெல்லிய ஒரு தேநீர்தான். நாம் செய்வதும் அவ்வளவு மெல்லியதாக இருந்தால் செடிக்கு அது பழகிய உணவு. கெட்டியாக இருந்தால், உப்பையும் அதே பஞ்சு அதே வேகத்தில் பிடித்துக்கொள்கிறது, நஞ்சாகிவிடுகிறது.

இனி நான் தயாரிக்கும் முறையை எழுதுகிறேன். பத்து லிட்டர் வாளியில் குழாய் நீரை நிரப்பி ஒரு நாள் திறந்து வைக்கிறேன், குளோரின் வெளியேறட்டும் என்று. (நீரில் குளோரமின் கலந்திருந்தால் திறந்து வைப்பதால் மட்டும் போகாது, மழைநீர் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.) ஒரு லிட்டர் அளவு முதிர்ந்த உரத்தை, கையில் எடுத்தால் காட்டு மண் வாசனை வர வேண்டும், மெல்லிய பருத்தித் துணியில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, மீன் தொட்டிக்கு வைக்கும் காற்றுப் பம்பை இருபத்து நான்கு மணி நேரம் ஓடவிடுகிறேன். பம்பை நிறுத்திய பிறகு நீரில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடும் என்பதால் நான்கைந்து மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். புட்டியில் அடைத்து வைத்து அடுத்த வாரம் ஊற்றலாம் என்று எண்ணாதே.

வெல்லப்பாகு சேர்த்தால் நுண்ணுயிர்கள் பெருகும் என்று பலர் சொல்வார்கள். பெருகத்தான் செய்யும், ஆனால் எவை பெருகும் என்பது நம் கையில் இல்லை. அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண் தர வாரியம் அமைத்த ஒரு குழு, 2004இல் அளித்த அறிக்கையில், இப்படிச் சர்க்கரைச் சத்துகள் சேர்த்துத் தயாரிக்கும்போது மனிதருக்குக் கேடு செய்யும் கிருமிகளும் பெருகக்கூடும் என்று எச்சரித்தது. ஆர்க்கிட்டை நாம் உண்ணப் போவதில்லை என்றாலும், தெளிப்பானின் மூடுபனியை மூச்சில் இழுப்பது நாம்தானே? நான் சேர்ப்பதில்லை. தெளிக்கும்போது முகத்தில் ஒரு துணியும் கட்டிக்கொள்கிறேன்.

எடுத்த தேநீரை இரண்டு முறை வடிகட்டுகிறேன். இந்த வேலையைச் சலித்துக்கொள்ளாமல் செய். நுண்துகள்கள் மரப்பட்டைத் துண்டுகளின் இடுக்கில் அடைந்தால் வேருக்குக் காற்று போகாது, பட்டையும் சீக்கிரம் மட்கிக் கூழாகிவிடும். இதே காரணத்தால் திட உரத்தை ஆர்க்கிட் தொட்டியின் மேல் தூவுவதையும் நான் விட்டுவிட்டேன். பிறகு ஒரு பங்கு தேநீருக்குப் பத்து முதல் இருபது பங்கு நீர். முடிந்தால், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளக்கும் சிறிய கருவி ஒன்றை வாங்கிக்கொள். கலந்த நீர் சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமன்ஸ் அளவைத் தாண்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நிறத்தை நம்பாதே. வெளிறிய தேநீரில் உப்பு மிகுந்திருந்ததும், கறுத்த தேநீரில் குறைந்திருந்ததும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. புழு உரம் பெரும்பாலும் சற்றுக் காரத்தன்மை பக்கம் சாயும், ஆர்க்கிட்டோ pH அளவில் 5.5 முதல் 6.5 வரையிலான அமிலத்தன்மையை விரும்பும். மெல்லிய கலவையில் இது பெரிய தொல்லை தருவதில்லை.

காலையில் ஊற்று, மாலைக்குள் இலைகள் காய்ந்துவிட வேண்டும். ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் உடனே பஞ்சால் ஒற்றி எடு. கடையில் வாங்கும் உரத்துக்கு முன் வெறும் நீர் ஊற்றி வேரை நனைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அது கெட்டியான உரம் வேரைச் சுடாமல் இருப்பதற்காக. இந்த மெல்லிய தேநீரை நான் வெள்ளியாகக் காய்ந்த வேரிலேயே ஊற்றுகிறேன், மழையின் முதல் நீரைப் போல. பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். இடையில் ஒருமுறை வெறும் நீரைத் தாராளமாக ஓடவிட்டுத் தங்கிய உப்பைக் கழுவிவிடு. இன்னொன்று, வாளியில் தேநீரை வைத்துக்கொண்டு தொட்டிகளை ஒவ்வொன்றாக முக்கி எடுக்கும் பழக்கம் உனக்கு உண்டு. அதை விடு. ஒரு செடியின் நோயை அந்த வாளியே அடுத்த செடிக்குக் கொண்டு சேர்க்கும். ஆர்க்கிட்டுகளைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸ் ஏறிய செடிக்கு மருந்தே கிடையாது.

இது மட்டுமே போதுமா என்றால், போதாது. தேநீரில் தழைச்சத்து குறைவு, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறுபடும். மரப்பட்டை மட்கும்போது அதிலுள்ள நுண்ணுயிர்களே தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்கின்றன. ஆகவே வளரும் பருவத்தில் சாதாரணக் கலப்பு உரத்தைப் புட்டியில் சொல்லியிருப்பதில் கால் பங்கு அளவாகத் தேநீருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். இதைக் கேட்டு இயற்கை வேளாண்மையில் தீவிரமான நம் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். என் வாண்டா ஆர்க்கிட் சுளிக்கவில்லை. புழுத் தேநீர் ஆர்க்கிட்டுக்கு வேண்டிய வேர்ப்பூஞ்சையைத் தருகிறது என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆர்க்கிட் விதை முளைக்கப் பூஞ்சையின் துணை வேண்டும் என்பது 1899இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் கண்டறிந்தது முதல் தெரிந்த உண்மை. ஆனால் அவை தனி வகைப் பூஞ்சைகள். புழுப் பெட்டியின் சாதாரண நுண்ணுயிர்க் கூட்டத்தை அவற்றுக்கு ஈடாகச் சொல்வது ஆசையே தவிர அறிவு அல்ல.

இப்போது பூச்சிக்கு வருகிறேன். இதைத்தானே நீ முதலில் கேட்டாய். புழு எச்சத்தில் உள்ள கைட்டினேஸ் என்னும் நொதி பூச்சியின் மேல்தோலைக் கரைத்துவிடும் என்ற கதையை நானும் கேட்டேன். மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வையின் மேல் நான் தெளித்த தேநீர் முத்து முத்தாக உருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தபின் அந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. செதில் பூச்சிக்கும் அப்படியே. ஆனால் வேறு வழியில் இதற்கு ஓர் ஆற்றல் உண்டு. மண்புழு ஆய்வாளர் கிளைவ் எட்வர்ட்ஸ் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தக்காளி, வெள்ளரிச் செடிகளுக்கு இந்த நீரை 5, 10, 20 சதவீதச் செறிவுகளில் வேரில் ஊற்றியபோது அசுவினியும் சிலந்திப்பேனும் பெருகுவது குறைந்தது. செடி உறிஞ்சிக்கொண்ட ஃபீனால் வகைப் பொருள்கள் அதன் சாற்றைப் பூச்சிக்குப் பிடிக்காததாக ஆக்கியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். கவனி, அவர்கள் ஊற்றியது வேரில். சோதித்தது ஆர்க்கிட்டில் அல்ல. என் அனுபவமும் அதே திசையில்தான் இருக்கிறது. தொடர்ந்து தேநீர் பெற்ற செடிகளில் வறண்ட மாதங்களில் சிலந்திப்பேன் வருவது குறைந்தது, ஆனால் ஏற்கெனவே குடியேறிவிட்ட பூச்சியை அது ஒருநாளும் விரட்டியதில்லை. சிலந்திப்பேன் குறைந்ததற்குத் தேநீர்தான் காரணமா, இலையின் அடிப்புறம் அடிக்கடி நனைந்ததுதான் காரணமா என்பதையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனவே உன் டென்ட்ரோபியத்துக்கு முதலில் கைவேலை வேண்டும். அதை மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வை. பழைய தண்டுகளைச் சுற்றியிருக்கும் காய்ந்த உறையை உரித்தெடு. பூச்சி ஒளிந்திருப்பது அதனடியில்தான். எழுபது சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இலைக் கக்கங்களை ஒவ்வொன்றாகத் துடை, வெயில் படாத நேரத்தில். முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்கும், அதனால் வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் இதைத் திரும்பச் செய். தொட்டியில் எறும்பு ஏறுகிறதா என்று பார். பூச்சியின் தேன்கழிவுக்காக அதைக் காவல் காப்பதே எறும்புதான். வேரிலும் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் பட்டையை முழுவதும் மாற்றிவிடு. இதெல்லாம் முடிந்து புதுத் தண்டு தலைகாட்டும்போது தேநீரைத் தொடங்கு, முதல் இரண்டு முறை ஒன்றுக்கு இருபது என்ற அளவில்.

என் பக்கத்துச் செய்தி அதிகம் இல்லை. முழங்கால் வலியால் வாளியைத் தூக்க முடியாமல் சிறு குவளையில்தான் ஊற்றுகிறேன்; அளவு கற்றுக்கொள்ள அதுவும் ஒரு வழியாயிற்று. வீட்டில் உள்ளவர்கள் புழுப் பெட்டியைச் சமையலறையிலிருந்து நாடு கடத்திவிட்டார்கள், அது இப்போது மாடிப்படியின் அடியில் நிழலில் சுகமாக இருக்கிறது. பெரிய வாண்டாவில் இந்த முறை புது வேர்கள் ஏழு வந்திருக்கின்றன, நுனிகள் எல்லாம் பச்சையாக, கருகாமல்.

உன் டென்ட்ரோபியத்தின் காய்ந்த உறையை உரித்த பிறகு தண்டின் அடியில் என்ன இருந்தது என்று எழுது. வேரையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. இலையைவிட அதுவே எனக்கு அதிகம் சொல்லும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்