எச்சரிக்கை ஒலி குறைந்தால் ஹெட்செட்டையா மாற்றுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விமானிப் பயிற்சிக்குச் செல்லும் டெல்டா மாவட்டப் பிள்ளைகளுக்கு யோசனை கூறித் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளியான கட்டுரையில், காக்பிட்டில் (விமானி அறையில்) எச்சரிக்கை ஒலி சரிவரக் கேட்காவிட்டால் விலை உயர்ந்த ஹெட்செட் வாங்கிவிடுவதே நல்லது என்று ஒரு வரி இருந்தது. விமானப்படையில் ரேடியோ ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது திருவையாற்றில் ஆம்பிளிஃபயர் பழுது பார்த்து வருபவன் என்ற முறையில் அந்த ஒரு வரியை மட்டும் மறுக்க விரும்புகிறேன். அவ்வகை ஹெட்செட் லட்ச ரூபாயைத் தாண்டும். நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பத்துக்கு அது சிறிய தொகை அன்று.

வெளிமாநிலத்தில் பயிற்சி பெறும் என் மருமகன், அருகில் வேறு விமானம் வருவதை அறிவிக்கும் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது என்று தொலைபேசியில் சொன்னான். டவர், அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம், ரேடியோவில் பேசுவது எப்படிக் கேட்கிறது என்று கேட்டேன். "அது கணீரென்று கேட்கிறது, மாமா" என்றான். பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. ஆராதனைப் பந்தலில் பாட்டு நன்றாகக் கேட்டு, கடம் மட்டும் கேட்காவிட்டால் மைக் செட்காரர் ஒலிபெருக்கிப் பெட்டியையா மாற்றுகிறார்? கடத்துக்கு வைத்த மைக்கின் திருகைத்தானே ஏற்றுகிறார். மறுநாள் அவன் தன் ஹெட்செட்டைப் பயிற்றுநரின் சாக்கெட்டிலும், அவருடையதைத் தன் சாக்கெட்டிலும் செருகிப் பார்த்தபோது இரண்டிலும் அந்தக் குரல் மெலிந்தே கேட்டது. ஆக, குறை ஹெட்செட்டில் இல்லை.

பல சிறு விமானங்களில், விமானி தவறுதலாகக்கூட அணைத்துவிடக் கூடாது என்பதற்காக, எச்சரிக்கை ஒலி, எல்லா ஒலிகளையும் சேர்த்து ஹெட்செட்டுக்கு அனுப்பும் ஆடியோ பேனலுக்குள் தனி வழியாக நுழையும். ரேடியோ வால்யூமைத் திருகினாலும் இண்டர்காம் (விமானத்துக்குள் ஒருவரோடு ஒருவர் பேசும் வசதி) வால்யூமைத் திருகினாலும் அதன் அளவு மாறாது. அந்த அளவை எச்சரிக்கைக் கருவியின் பராமரிப்புக்கான செட்டிங்கிலோ, உள்ளே உள்ள சிறு திருகாணியிலோ, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர்தான் மாற்ற வேண்டும். என் மருமகன் பறக்கும் விமானத்திலும் அவர் மாற்றியதும் குறை தீர்ந்தது. அதுவரை ஹெட்செட்டின் வால்யூமை முழுதும் ஏற்றி வைத்துக்கொண்டு, டவர் பேசும்போதெல்லாம் காதைப் பொத்தாத குறையாக அவன் பறந்திருக்கிறான்.

எல்லா ஒலியும் சேர்ந்து குறைந்தால்தான் ஹெட்செட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும், இரண்டு பிளக்குகளில் கேட்பதற்கான தடித்த பிளக் முழுதும் உள்ளே போயிருக்கிறதா, ஸ்டீரியோ-மோனோ சுவிட்ச் விமானத்துக்கு ஏற்றபடி உள்ளதா, மூக்குக் கண்ணாடியின் காம்பு காது மெத்தையைத் தூக்கிப் பிடிக்கிறதா, பேட்டரி தீர்ந்து இரைச்சல் நீக்கும் வசதி நின்றுவிட்டதா என்று பார்ப்பதற்குக் காசு செலவில்லை. பழைய இராணுவ ஹெட்செட்டை மலிவாக வாங்கியவர்களுக்கு வேறு தொல்லை. அவற்றில் பல குறைந்த இம்பிடன்ஸ் (ஒலி மின்னோட்டத்துக்கான தடை) உடையவை, பயிற்சி விமானத்தில் ஒலி சன்னமாகவே வரும். டேப்லெட்டிலிருந்து புளூடூத் வழியே வரும் எச்சரிக்கையாக இருந்தால், ரேடியோ பேசும்போது புளூடூத் ஒலியை அடக்கும் அமைப்பு சில ஹெட்செட்டுகளில் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டுரையாளர் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. செஸ்னா 172 என்ற பயிற்சி விமானத்தின் ஸ்டால் எச்சரிக்கை, அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கப் போகிறது என்னும் எச்சரிக்கை, மின்சாரத்தால் ஒலிப்பதன்று. இடது இறக்கையின் முன்விளிம்பில் உள்ள துளை வழியே காற்று உறிஞ்சப்படும்போது, ஹார்மோனியத்தில் இருப்பது போன்ற ஒரு நாக்கு அதிர்ந்து எழுப்பும் ஊதலொலி. அது ஹெட்செட்டுக்குள் வருவதே இல்லை, காக்பிட்டின் காற்றில்தான் வருகிறது. இரைச்சலை நீக்கும் விலை உயர்ந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் இத்தகைய ஒலிகள் காதில் விழாமல் போகலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2007-லேயே எச்சரித்திருக்கிறது. புறப்படும் முன் அந்தத் துளையில் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சி ஊதலைச் சோதிப்பது பயிற்சியிலேயே உள்ள வழக்கம். புது ஹெட்செட் வாங்க நினைக்கும் பிள்ளைகள், முதலில் அதே வகையை ஒருவரிடம் இரவல் வாங்கி, பயிற்றுநருடன் பறக்கும்போது அந்த ஊதல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டட்டும். இதைத் தங்கள் கல்விப் பக்கத்திலேயே திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ரேடியோ ஃபிட்டர்,
திருவையாறு.