ஒருத்தியாகத் தூக்காதே

ஷ்ரொப்ஷையர், இங்கிலாந்து, 1912 நவம்பர்

அன்பு மகளுக்கு,

மூன்று ஞாயிறாகக் கடிதம் இல்லை. வேட்டை மாதம், அந்த மாளிகையில் பணிப்பெண்களுக்கு வேலை குவிந்திருக்கும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஃபெசன்ட் பறவை சுடுவது பிப்ரவரி 1 வரை ஓயாது. விருந்தாளி அறை ஒவ்வொன்றுக்கும் கணப்பு, வெந்நீர், கழிவு வாளி.

வெந்நீரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒரு காலன் தண்ணீர் 10 ராத்தல். 3 காலன் பித்தளைக் கேனை ஒரே கையில் பிடித்துப் பின்படி ஏறினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு கேனில் பாதிப் பாதியாக எடு. அதைவிட, இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொள். ஆண்கள் தங்கும் பக்கம் என்றால் கண்டிப்பாக இரண்டு பேர். கேனை வைத்து, சூடு ஆறாமல் துவாலையால் மூடி, திரையை விலக்கிவிட்டு உடனே வெளியே வந்துவிடு. கதவு திறந்தே இருக்கட்டும்.

கணப்பு இரும்பு நன்றாக ஆறிய பிறகே பிளாக்லெட் என்ற கறுப்பு மெருகைத் தடவு. தண்ணீர் கூடினால் சாம்பல் பூத்துவிடும், அப்புறம் எத்தனை தேய்த்தாலும் மினுமினுப்பு வராது. காய்வதற்குள் பிரஷ் போடு. எஃகுக் கம்பிக்கு எமரித்தாள் மட்டும். சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாக வை. அமுக்கி அடுக்கினால் காற்று இல்லாமல் புகை அறைக்குள் திரும்பும். புகைபோக்கி குளிர்ந்து கிடந்தால் எரியும் காகிதத்தை முதலில் உள்ளே தூக்கிப் பிடி. தூசி ஒட்டிவரக் கம்பளத்தில் தூவும் தேயிலையை முதலில் அலசிப் பிழிந்துவிடு, இல்லாவிட்டால் வெளிர்நிறக் கம்பளத்தில் கறை ஏறும். மூத்திரச் சட்டித் துணி முகம் கழுவும் வாஷ்ஸ்டாண்டுப் பக்கமே வரக்கூடாது.

இதெல்லாம் உனக்குத் தெரியும். 14 வயதிலிருந்து செய்கிறாய், 22-இல் இரண்டாம் பணிப்பெண். பாதிரியார் வீட்டில்கூட உன்னைப் பற்றித்தான் பேச்சு. அப்படிப்பட்டவளுக்கு ஒரு வரி எழுத முடியவில்லை.

விடியலில் தீ மூட்டப் போகும்போதும் ஒருத்தியாகப் போகாதே. இரவில் உங்கள் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? இல்லையென்றால் நாற்காலியை முட்டுக்கொடு. மாடியில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளும், அதற்காகச் சொல்கிறேன்.

ஜூலையிலிருந்து அரசாங்கத்தின் புது இன்சூரன்ஸுக்கு வாரம் 3 பென்ஸ் உன் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் அல்லவா? எஜமானி பங்கும் 3 பென்ஸ். வேலைக்காரியின் இன்சூரன்ஸ் அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டுவது கௌரவக் குறைச்சல் என்று சீமாட்டிகள் லண்டனில் கூட்டம் போட்டார்கள். போடட்டும். உன் வயதில் உடம்புக்கு முடியாமல் படுத்தால் ஜனவரியிலிருந்து வாரம் 7 ஷில்லிங் 6 பென்ஸ், 26 வாரம் வரை. முழங்கால் வீங்கியிருக்கிறதா? மண்டியிடும்போது மெத்தை போட்டுக்கொள். முழங்காலா, வேறு ஏதாவதா?

செப்டம்பர் கடைசியில் மைக்கேல்மஸ் திருநாளுக்கு வந்தபோது பெட்டியைக் கட்டாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாய். சோம்பல் என்று திட்டி நானே துணிகளை மடித்துப் பூட்டினேன். நீ இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தாய். காலாண்டுச் சம்பளத்தில் நீ அனுப்பும் பங்கைக் கணக்குப் போட்டுக்கொண்டு, வண்டிக்கு நேரமாகிறது என்றேன். நேரம் ஆகவில்லை. அரை மணி இருந்தது.

வரவேண்டும் என்றால் வா. ஒரு மாத நோட்டீஸ் கொடுப்பதுதான் முறை. நற்சான்று தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லாததால் ஹவுஸ்கீப்பரிடம் பணிவாகச் சொல். ஒரு மாதம் இருக்க முடியாது என்றால் இருக்காதே. நற்சான்று போனால் போகட்டும். ஸ்டாம்ப் அட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள். ஆளும் சாமானும் ஏற்றும் கேரியர் வண்டி செவ்வாயும் சனியும் வரும். வேறு நாள் என்றால் அப்பா ஸ்டேஷனுக்கு நடந்தே வருவார், பெட்டியை அவர் தூக்கட்டும்.

அம்மா