போதைப் பழக்கமும் வீட்டுச் சூழலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வளரிளம் பருவத்தினரின் குடி, போதைப் பழக்கத்துக்குக் கூடாநட்பையே காரணம் காட்டிவிட்டு, வீட்டுக்குள் நடப்பதை நாம் பார்க்கத் தவறுகிறோம். வேலை அலுப்பு தீர அப்பா பாட்டிலைத் திறக்கும்போது தண்ணீரும் தம்ளரும் எடுத்துவந்து வைக்கும் பிள்ளை, மனச்சுமைக்கு மருந்து இதுதான் என்பதை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவதாக இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. மீதிப் பாதி வளரும் சூழலில் இருக்கிறது என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது.

“நாமே வீட்டில் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் வெளியே கெட்டுப்போக மாட்டான்” என்று எண்ணும் பெற்றோர், தன்னடக்கத்துக்குரிய மூளையின் முன்பகுதி 25 வயதையொட்டியே முழு வளர்ச்சி பெறுகிறது என்பதையும், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்குவோர் பிற்காலத்தில் அடிமையாகும் ஆபத்து மிக அதிகம் என்பதையும் அறிய வேண்டும். மனச்சோர்வும் பதற்றமும் வெளியே சொல்ல முடியாத அவமானமும் பல பிள்ளைகளைப் போதையின் பக்கம் தள்ளுகின்றன. விஷயம் தெரிந்த அன்றே அடித்து நொறுக்கினால் பிள்ளை மறைக்கத்தான் பழகும். உட்காரவைத்துக் கேளுங்கள், தயங்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்