கேட்டது ஒன்று, மறுத்தது வேறொன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தம்புச்செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீசில் 34 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். நான் டைப் அடித்த எதிருரைகளுக்கு, அதாவது வழக்கில் பிரதிவாதி தரும் பதில்களுக்கு, கணக்கே இல்லை. 'பிராதில் கண்ட சங்கதிகள் யாவும் பொய், கற்பனை' என்று அடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று ஆரம்பத்தில் நினைத்ததுண்டு. சீனியர் அந்தத் தாளை மடித்து என் மேசையிலேயே போட்டார். "பொத்தாம்பொதுவா மறுத்தா கோர்ட்ல நிக்காதுப்பா. பாரா பாராவா பதில் சொல்லணும்."

1908-ஆம் வருடத்து சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 8, ரூல் 4 என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட தொகையைப் பிரதிவாதி வாங்கினார் என்று வாதி சொன்னால், 'அந்தத் தொகையை வாங்கவில்லை' என்று மட்டும் சொல்லி நழுவ முடியாது. அதில் ஒரு பகுதியைக்கூட வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும், இல்லை எவ்வளவு வாங்கினோம் என்று சொல்ல வேண்டும். லட்சம் வாங்கினாயா என்றால் 'லட்சம் வாங்கவே இல்லை' என்பான். வாங்கியது 99,000 ஆக இருக்கும். அந்தக் குறுக்குப் புத்திக்குப் போட்ட வேலி அது. ஒழுங்காக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அடுத்த ரூல்.

அரசியலில் இந்த வேலி கிடையாது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் மத்திய அரசு தந்த இரண்டு பதில்களைப் பாருங்கள். கொரோனா சமயத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் 'குறிப்பாக'த் தெரிவிக்கவில்லை என்பது ஒன்று. கையால் மலம் அள்ளும் தொழிலால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்பது இன்னொன்று. ஆனால் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்யும்போது ஐந்து வருடத்தில் 340 பேர் இறந்தார்கள் என்று அதே வருடம் பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் சொன்னதும் அதே அரசுதான். பொய் என்று நான் சொல்லவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டத்தில் அது வேறு, இது வேறு என்று வியாக்கியானம் இருக்கிறது. மேன்ஹோலில் இறங்கித் திரும்பாதவர் வீட்டில் போய் அந்த வித்தியாசத்தை யார் விளக்குவது?

மறுப்பு எடுபடாத இடத்தில் திசைதிருப்பல். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கோபுரங்கள் தாக்கப்பட்ட கொஞ்ச நேரத்தில், பிரிட்டன் போக்குவரத்துத் துறையின் ஆலோசகர் ஜோ மூர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நாம் புதைக்க நினைக்கும் செய்திகளை வெளியிட இன்று ரொம்ப நல்ல நாள் என்று. அம்மையார் எழுத்தில் வைத்ததால் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

சரி, லண்டன் வரை ஏன் போக வேண்டும்? போன மாதம் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை வாடையோடு தண்ணீர் வந்தது. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வார்டு கூட்டத்துக்குப் போனேன். மேடையில் இருந்தவர் பாட்டிலைக் கையில் வாங்கவே இல்லை.

"உங்க தெருவுல இருந்து புகாரே வரலையே சார்."

செல்போனில் புகார் எண்ணைக் காட்டினேன்.

"அது குளோஸ் ஆயிடுச்சே!"

பக்கத்தில் நின்ற கட்சிக்காரத் தம்பி, "பெருசு, போன ஆட்சியில மட்டும் இளநீரா வந்துச்சு?" என்றான். அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முக்கால் மணி நேரம் யார் ஆட்சியில் எது நாறியது என்று பேச்சு. நானும் வாய் கொடுத்தேன், மறைப்பானேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாட்டில் பைக்குள்ளேயே இருக்கிறது. கசடு அடியில் தங்கி, மேலே தெளிந்துபோயிருந்தது.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பத்திரிகையிலும் 'திட்டவட்ட மறுப்பு' என்று பெரிய எழுத்தில் தலைப்பு வருகிறது. எதை மறுத்தார் என்பது நாலாவது பாராவில் கிடக்கிறது, சில நாள் அதுவும் இல்லை. கேட்ட கேள்வியை முதலில், வார்த்தை மாறாமல் போடுங்கள். கீழே பதிலைப் போடுங்கள். கேட்டதற்குப் பதில் வரவில்லையென்றால் அந்த இரண்டு வரியை வெள்ளையாகவே விடுங்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் சரி.

பாட்டிலை இன்னும் கொட்டவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போகப் போகிறேன். ஒரே பாரா, ஒரே கேள்வி, கீழே கையெழுத்துக்கு இடம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
கொண்டித்தோப்பு, சென்னை