பிள்ளைகள் வரைந்த மிதவைகள்

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. பள்ளியில் டிராயிங் வகுப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசே ஆறவில்லை. அதனால்தான் இதை உடனே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பாஸ்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் குளோஸ்டர். 1623 முதல் மீன்பிடித்து வாழும் ஊர். டிசம்பரில் அங்கே சிங்கி இறால் பிடிக்கும் கம்பிக்கூடுகளை அடுக்கடுக்காக ஏற்றி, தெருவில் ஒரு கிறிஸ்துமஸ் மரமே எழுப்பிவிடுகிறார்கள். அதில் தொங்குவதெல்லாம் ஊர்ப் பிள்ளைகள் பெயின்ட் அடித்த மிதவைகள். ஆர்ட் ஹேவன் என்று ஒரு கலைக்கூடம், அங்கேதான் வரைகிறார்கள். பண்டிகை முடிந்ததும் மிதவைகளை ஏலம் விடுகிறார்கள். அந்தப் பணம் கலைக்கூடத்துக்குப் போகிறது. ஒரு மீன்பிடி ஊர் தன் பிள்ளைகளின் ஓவிய வகுப்புக்குத் தானே வழி செய்துகொள்கிறது, பார்த்தாயா?

என் மகளும் ஒன்று வரைந்தாள். ஆக்டோபஸ்தான், ஆனால் வளைவில் இடம் போதாமல் ஆறு கையோடு நிறுத்திவிட்டாள். உருண்டைப் பரப்பில் வரைவது காகிதம் மாதிரி இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் படம் முழுசாகக் கிடைக்கும். உன் பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

கடலில் அந்த மிதவையின் நிறத்துக்கு வேறு வேலை. கூடு அடியில் கிடக்கும், கயிற்றின் மேல்நுனியில் மிதவை. ஆளுக்கு ஒரு நிறச்சேர்க்கை. அதையே படகிலும் காட்ட வேண்டும். ஒருவர் 800 கூடு வரை போடலாம். அடுத்தவர் கூட்டில் கை வைப்பது குற்றம். அப்பாவின் நிறத்தையே பிள்ளையும் தொடர்வது உண்டு. கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் பாரிங்டனிலும் இப்படி ஒரு மரம். கடலில் உயிர்விட்டவர்களின் பெயர்களை அங்கே மிதவையில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். குளோஸ்டர் கடற்கரை நினைவுச் சின்னத்தில் அப்படி உயிர்விட்டவர்களின் பெயர்கள் 5,300-க்கும் மேல். முழுவதும் படிக்க என்னால் முடியவில்லை.

அதனால்தான் பரிசுக் கடைகளில் சுவரில் மாட்ட விற்கும் மிதவைகளில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. அவை எந்தக் கூட்டோடும் கட்டுண்டவை அல்ல. வாங்கினால், துறைமுகத்து ஆட்களுக்குப் பணம் போகிற இடமாகப் பார்த்து வாங்க வேண்டும். அவர்கள் பாடு இப்போது கஷ்டம்தான். கயிற்றில் சிக்கிச் சாகும் வடக்கு அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் என்ற இனத்தைக் காக்க, குளோஸ்டர் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிப்ரவரி தொடங்கி மே வரை பெரும்பாலான இடங்களில் கூடு போட முடியாது. அந்த இனத்தில் மிச்சம் இருப்பதே 400-க்கும் குறைவு, தடை நியாயம்தான். ஆனால் அத்தனை மாதம் வருமானம் இல்லாமல் ஒரு வீடு எப்படி ஓடும்? மிதவை ஏலம் அதை ஈடுகட்டாது. ஊர் அவர்களைப் பார்க்கிறது என்பதாவது தெரியும்.

மகளின் ஆக்டோபஸை ஏலத்தில் நானே கேட்கப் போகிறேன். சரி, அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? வகுப்பு விஷயமாகப் பெற்றோர்களைச் சேர்த்துக்கொண்டு பேசிப் பார்த்தாயா? எழுது.

அன்புடன்,
தேன்மொழி